ஊசித்தடத்தில் வந்த கட்டி: கல்லீரல் பயாப்ஸி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

"ஊசி குத்தினா கேன்சர் பரவிடுமாமே, நெஜமா டாக்டர்?" கல்லீரலில் கட்டி இருக்கிறது என்று தெரிந்து வருகிற குடும்பங்கள் பலமுறை கேட்ட கேள்வி இது. இரண்டு விதமான பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "அதெல்லாம் வதந்தி, பயப்படாதீங்க." மற்றொன்று, "ஊசி பக்கமே போகாதீங்க." இரண்டுமே நோயாளிக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. ஒரே நோயாளிக்குச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பயாப்ஸி (ஊசியால் திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்யப்பட்டதன் பதிவு இது. முதல் ஊசி தேவையில்லாதது. அது ஒரு கட்டியை விட்டுச் சென்றது. இரண்டாவது ஊசி இல்லாமல் சிகிச்சையே தொடங்கியிருக்க முடியாது. நோயாளியின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளி ஐம்பது வயதைத் தாண்டிய பெண். ஹெபடைடிஸ் பி தொற்று இருப்பது கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே தெரிந்திருந்தது. ஆனால் பல ஆண்டுகள் சிகிச்சை இல்லாமல் போய்விட்டது. டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கியபோது கல்லீரலில் ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நிலை, வந்திருந்தது. மாத்திரையால் வைரஸ் நன்றாகக் கட்டுப்பட்டது. காமாலையோ வயிற்றில் நீரோ இல்லை. மருத்துவக் கணக்கில் சைல்ட்-பியூ ஏ நிலை, அதாவது சிரோசிஸ் இருந்தும் கல்லீரல் நன்றாக வேலை செய்யும் நிலை.

சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலான வழிகாட்டுதல்களில் உள்ள விதி. இவர் இரண்டு தடவை தவறவிட்டிருந்தார். அடுத்துப் பார்த்தபோது கல்லீரலின் வலப்புறம், 6-ஆம் பகுதியில், மேற்பரப்பை ஒட்டி 3.4 செ.மீ. கட்டி தெரிந்தது. ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் (கல்லீரல் புற்றில் ஏறக்கூடிய ஒரு புரதம்) அளவு 86. இயல்பாகப் பத்துக்குள் இருக்க வேண்டியது.

முதல் சிடி என்ன சொன்னது

மூன்று கட்ட சிடி எடுத்தார்கள். இந்தப் படத்தில்தான் பதில் இருந்தது என்பதால் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

ஆரோக்கியமான கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. மீதிதான் தமனி வழியாக. கல்லீரல் செல்லிலிருந்தே உருவாகும் ஹெபடோசெல்லுலார் புற்றுக்கோ பெரும்பாலும் தமனி ரத்தம்தான். எனவே சாய மருந்து ஏற்றியதும் தமனிக் கட்டத்தில் கட்டி சுற்றியுள்ள கல்லீரலைவிடப் பளிச்சென்று தெரியும். சில நொடிகள் கழித்து சிரைக் கட்டத்தில் கல்லீரல் வெளுத்து, கட்டி மங்கிவிடும். சிரோசிஸ் உள்ள ஒருவருக்கு, 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வேறு நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஊசி இல்லாமலே இந்தப் புற்றை உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2001-லும், அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்கள் 2005-லும் வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டார்கள். 2011-இல் வந்த லை-ராட்ஸ் என்ற, கல்லீரல் ஸ்கேன் படங்களை மதிப்பிடும் முறை அதை வகைகளாகப் பிரித்தது. எல்ஆர்-5 என்று ஒரு கட்டி வகைப்பட்டால் அது ஹெபடோசெல்லுலார் புற்றுதான், சிகிச்சைக்குப் போகலாம்.

இவருடைய சிடியில் தமனிக் கட்டப் பளிச்சிடல், பின்கட்ட மங்கல், கட்டியைச் சுற்றி மெல்லிய உறை ஆகிய மூன்றும் இருந்தன. ரேடியாலஜி அறிக்கையும் மூன்றையும் சரியாகவே குறிப்பிட்டிருந்தது. ஆனால் கடைசி வரி இப்படி முடிந்தது: "ஹெபடோசெல்லுலார் கார்சினோமாவாக இருக்கலாம். திசுப் பரிசோதனையோடு பொருத்திப் பார்க்கவும்." எல்ஆர் எண் போடவில்லை.

நோயாளியின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானித்தது அந்த வரிதான் என்பது என் கருத்து. மார்பகம், நுரையீரல், குடல் என்று வேறு எந்தப் புற்றாக இருந்தாலும் திசு அறிக்கை இல்லாமல் சிகிச்சை தொடங்குவது தவறு. மருத்துவர்கள் பயிற்சியிலேயே ஊறிப்போன விதி அது. சிரோசிஸ் கல்லீரல் அதற்கு விதிவிலக்கு. இது தெரியாத ஒருவர் கையில் அப்படி ஒரு அறிக்கை கிடைத்தால் பயாப்ஸி எழுதத்தான் செய்வார். அலட்சியத்தால் நடந்ததாக நான் சொல்லவில்லை. கூடுதல் உறுதி வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது.

முதல் பயாப்ஸி

செய்முறைக் குறிப்பு பிற்பாடு எங்களுக்குக் கிடைத்தது. அல்ட்ராசவுண்ட் உதவியோடு, வலது விலா எலும்புகளுக்கு இடையே, 18 கேஜ் (கேஜ் என்பது ஊசியின் தடிமன் அளவு) ஊசியால் மூன்று துண்டுகள் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஊசியை முழுவதும் வெளியே எடுத்து, தோலிலிருந்து மறுபடி செலுத்தியிருக்கிறார்கள். கட்டி மேற்பரப்பில் துருத்திக்கொண்டு இருந்ததால் ஊசி நல்ல கல்லீரல் திசு வழியாகப் போகாமல் நேரடியாகக் கட்டிக்குள் நுழைந்திருக்கிறது.

இந்த இரண்டு விவரங்களும் முக்கியமானவை. கட்டிக்குள் போய் வந்த ஊசி, திரும்பும் வழியில் விலாத் தசையையும் தோலடித் திசுவையும் மூன்று முறை தொட்டது. அப்புறம், இடையில் நல்ல கல்லீரல் இருந்திருந்தால் அதுவே ஊசித்துளையை அழுத்தி மூடியிருக்கும். அந்தத் தடுப்பும் இல்லை. அன்று இரவு அவருக்கு வலது தோளில் வலி. கல்லீரலைச் சுற்றி ரத்தம் கசிந்து உதரவிதானம் எரிச்சலடைந்தால் வலி தோளில்தான் தெரியும். ஸ்கேனில் மெல்லிய ரத்தக் கசிவு இருந்தது, தானாகவே நின்றுவிட்டது. கசிந்த ரத்தம் செல்களையும் சுமந்து வரக்கூடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

திசு அறிக்கை: செல்கள் நடுத்தரமாக முதிர்ந்த வகை ஹெபடோசெல்லுலார் புற்று. அதாவது சிடி ஏற்கெனவே சொன்னதுதான்.

சரி, அறிக்கையில் புற்று இல்லை என்று வந்திருந்தால்? அப்போதும் சிகிச்சையைக் கைவிட்டிருக்க முடியாது. சிறிய கட்டிகளில் ஊசி தவறான இடத்தைத் தொட்டு வருவது சகஜம். 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளை வைத்து 2008-இல் வந்த ஒரு ஆய்வில், புற்று இருந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு முதல் பயாப்ஸியில் அது பிடிபடவில்லை. சிடி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது 'இல்லை' என்கிற பயாப்ஸியை எந்தக் கல்லீரல் மருத்துவரும் நம்பிவிட மாட்டார். அறிக்கை எப்படி வந்தாலும் அடுத்த படி ஒன்றுதான் என்றால், அந்த ஊசியால் நோயாளிக்குக் கிடைத்தது ஆபத்து மட்டுமே.

எங்கள் குழுவிடம் வந்தபோது

சில வாரங்களில் அறுவை சிகிச்சைக்காக எங்களிடம் அனுப்பப்பட்டார். ஒற்றைக் கட்டி, கல்லீரல் நன்றாக வேலை செய்கிறது, எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் சிரைகள் புடைக்கவில்லை. எனவே கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுப்பது என்று முடிவானது. வெப்பத்தால் பொசுக்கும் முறையையும் பரிசீலித்தோம். 3 செ.மீ.க்கு மேல் அதன் பலன் குறைகிறது. தவிர, மேற்பரப்பை ஒட்டிய கட்டிகளில் அந்த ஊசித்தடத்திலும் புற்று தங்கலாம். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பொசுக்கும் சிகிச்சை பெற்ற 32 பேரில் 4 பேருக்கு அப்படி நடந்தது. கட்டி மேற்பரப்பில் இருந்ததும் செல்கள் முதிராத வகையாக இருந்ததும் அதோடு தொடர்புபட்டிருந்தன.

அறுவைக்கு முன் நடந்த கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது: ஊசி போன வழியையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாமா? ஒவ்வொருவருக்கும் அப்படிச் செய்வதால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. விலாத் தசையை வெட்டினால் வலியும் குடலிறக்க அபாயமும் கூடும். வெட்ட வேண்டாம், ஆனால் இடத்தைத் தவறவிடவும் கூடாது என்று தீர்மானித்தோம். அறுவையின்போது வயிற்று உட்சவ்வில் ஊசி நுழைந்த இடத்தைப் பார்த்தோம், எதுவும் இல்லை. 9-ஆம், 10-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே தோலில் இருந்த சிறு தழும்பைப் படமெடுத்து, அக்குள் கோட்டிலிருந்து எத்தனை செ.மீ. என்று அளந்து கோப்பில் எழுதி வைத்தோம்.

கட்டி முழுதாக வந்தது. விளிம்பு சுத்தம், நுண் ரத்தக்குழாய்களில் ஊடுருவல் இல்லை. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் 5-க்கு இறங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்று ஏற்பாடு.

பதினான்காம் மாதம்

அறுவைக்குப் பின் அந்த மாத வருகையில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் 29. எம்ஆர்ஐயில் கல்லீரல் சுத்தமாக இருந்தது. ரத்தத்தில் ஏறுகிறது, கல்லீரலில் காணோம் என்றால் வேறு எங்கோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கோப்பில் இருந்த தழும்புக் குறிப்பைப் பார்த்துவிட்டு, அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னோம். மல்லாந்து படுத்திருக்கும்போது கைக்கு ஒன்றும் தட்டுப்படாது. இப்படி விலா இடைவெளி விரிந்ததும், தழும்புக்கு நேர் கீழே, தோலோடு ஒட்டாமல் தசையோடு சேர்ந்து நகரும் கெட்டியான ஒரு முடிச்சு விரலில் பட்டது. அழுத்தினால் வலியில்லை. "இதுவா டாக்டர்? இது ஒன்றரை மாசமா இருக்கு. கொழுப்புக் கட்டின்னு சொன்னாங்க" என்றார். வீட்டருகே இருந்த மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அந்த மருத்துவருக்கு பயாப்ஸி நடந்த விஷயமே தெரியாது. எங்கள் குறிப்பு எங்கள் கோப்புக்குள்ளேயே இருந்தது.

எம்ஆர்ஐ படங்களில் வயிற்றுச் சுவரை மறுபடி பார்த்தோம். விலாத் தசைக்குள் 1.8 செ.மீ. முடிச்சு, தமனிக் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்தது. மார்பு சிடியில் வேறெதுவும் இல்லை.

முடிச்சில் ஊசி போட்டு உறுதிசெய்யலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இருக்கும் இடம், படத்தில் தெரியும் விதம், ரத்த அளவின் ஏற்றம் மூன்றும் ஒன்றையே சுட்டின. ஊசி 'இல்லை' என்று சொன்னாலும் அந்த முடிச்சை எடுத்தே ஆக வேண்டும். தழும்புத் தோல், தசை, உட்சவ்வு எல்லாவற்றையும் சுற்றிலும் நல்ல திசுவோடு ஒரே துண்டாக எடுத்து, அந்த இடத்தை வலை வைத்துச் சீர்செய்தோம். கதிர்வீச்சை, விளிம்பில் புற்று தெரிந்தால் மட்டும் என்று ஒதுக்கி வைத்தோம். அது தேவைப்படவில்லை. திசு அறிக்கை: ஹெபடோசெல்லுலார் புற்று, பழைய கட்டியின் அதே சாயல். ஆறு வாரத்தில் ரத்த அளவு 4.

அவரிடம் சொன்னது

இது எதனால் வந்தது என்று கேட்டார். பயாப்ஸி ஊசியால் வந்தது என்று நேரடியாகச் சொன்னோம். பக்கத்திலிருந்த மகனுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். இப்படிப்பட்ட நேரத்தில் "சில பேருக்கு இப்படி ஆகும்" என்று மழுப்புவது நோயாளிக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

கூடவே இன்னொன்றையும் விளக்கினோம். வயிற்றுச் சுவரில் வந்த கட்டி, ரத்தம் வழியாக உடலெங்கும் பரவியதன் அறிகுறி அல்ல. ஊசியின் வெளிப்பரப்பில் ஒட்டி வந்த செல்கள் வழியில் உதிர்ந்து தங்கியிருக்கின்றன. அப்படி உதிரும் செல்களில் மிகப் பெரும்பாலானவை ரத்த ஓட்டம் கிடைக்காமலும் நோய் எதிர்ப்புச் செல்களிடம் சிக்கியும் செத்துப்போகும். எப்போதாவது ஒரு கொத்து பிழைத்து, மாதக்கணக்கில் மெல்ல வளரும். ஹெபடோசெல்லுலார் புற்றில் இந்த ஊசித்தடக் கட்டியை எடுத்துவிட்டாலோ கதிர்வீச்சால் அழித்துவிட்டாலோ ஆயுள் பெரும்பாலும் குறைவதில்லை.

எண்ணிக்கைகளைப் பற்றி

எட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஹெபடோசெல்லுலார் புற்றுக்கு பயாப்ஸி செய்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கு ஊசித்தடத்தில் கட்டி வந்தது. ஆண்டுக்கு என்று பார்த்தால் 0.9 சதவீதம். நூறு பேரில் மூன்று பேருக்கும் குறைவு. இதை 'மிகக் குறைவு' என்று சொல்வதா, 'கணிசம்' என்று சொல்வதா என்பது, அந்த பயாப்ஸியால் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

எல்லாப் புற்றுக்கும் இந்த ஒரே எண் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய, அறுவையால் எடுக்கக்கூடிய கட்டிகளைப் பற்றி 2005-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில், அறுவைக்கு முன் பயாப்ஸி செய்த 90 பேரில் 17 பேருக்கு ஊசித்தடத்தில் புற்று இருந்தது. பயாப்ஸி செய்யாதவர்களைவிட அந்த 90 பேரின் ஆயுளும் குறைவாக இருந்தது. கல்லீரல் வாயிலில் (ரத்தக்குழாய்கள் நுழைந்து பித்தநாளம் வெளியேறும் இடம்) வரும் பித்தநாளப் புற்று இன்னும் கவலைக்குரியது. மாற்றுக் கல்லீரல் பொருத்தத் தயாரானவர்களை வைத்து 2011-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், வயிற்றறை வழியாகச் சென்ற ஊசியில் புற்று உறுதியான 6 பேரில் 5 பேருக்கு வயிற்று உட்சவ்வில் பரவியிருந்தது. அதனால் அந்தப் புற்றுக்கு ஒரு தடவை இப்படி ஊசி போட்டுவிட்டால், மாற்றுக் கல்லீரலுக்கான வழியே அடைபட்டுவிடுகிறது. குணப்படுத்தும் சிகிச்சைக்கு இன்னும் வாய்ப்பு இருக்கும் ஒருவருக்கு பயாப்ஸி எழுதுமுன் அறுவை நிபுணரைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது கேள்வி

சுவர்க் கட்டியை எடுத்து இரண்டரை ஆண்டுகள் நன்றாகப் போயின. அப்புறம் ஒரு எம்ஆர்ஐயில் கல்லீரலில் இரண்டு புதிய கட்டிகள்: 4-ஆம் பகுதியில் 2.6 செ.மீ., 8-ஆம் பகுதியில் 1.9 செ.மீ. பழைய புற்றுதான் திரும்பிவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் படம் அப்படி இல்லை. கட்டி முழுவதும் பளிச்சிடாமல் விளிம்பு மட்டும் வளையமாகப் பளிச்சிட்டது. நடுப்பகுதி தாமதமாகச் சாயத்தை ஏற்றது. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் இயல்பு. பித்தநாளப் புற்றில் ஏறக்கூடிய சிஏ 19-9 என்ற ரத்தக் குறியீடு கொஞ்சம் ஏறியிருந்தது. லை-ராட்ஸில் இது எல்ஆர்-எம் வகை: புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் எந்தப் புற்று என்று படத்தால் சொல்ல முடியாது.

இரண்டு கட்டிகளும் இருந்த இடத்தைப் பார்த்தால், மீதமிருக்கும் சிரோசிஸ் கல்லீரலில் இன்னொரு பெரிய வெட்டு முடியாது. மருந்துதான் வழி. எந்த மருந்து? ஹெபடோசெல்லுலார் புற்று என்றால் 2020 முதல் முதல்நிலை சிகிச்சையாக இருக்கும் அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் இணை. பித்தநாளப் புற்று என்றால் ஜெம்சைட்டபின், சிஸ்பிளாட்டின், 2022-இல் அதோடு சேர்ந்த டர்வலுமாப். ஊகத்தில் தவறானதைத் தொடங்கினால் மாதங்கள் வீணாகும், பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். கல்லீரல் வாயிலருகே சிறிய நிணநீர் முடிச்சுகளும் இருந்தன. எண்டோஸ்கோப் வழியாக அவற்றிலிருந்து திசு எடுக்கலாமா என்று பார்த்தோம். நாள்பட்ட ஹெபடைடிஸ் உள்ளவர்களுக்கு அந்த முடிச்சுகள் புற்று இல்லாமலே வீங்கியிருக்கும். அங்கே 'இல்லை' என்று வந்தால் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வருவோம். கல்லீரல் கட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அவர் மறுத்துவிட்டார். "அன்னைக்கும் இதே மாதிரிதான் சொன்னாங்க, உறுதியாத் தெரிஞ்சுக்கணும்னு. தெரிஞ்சதை வச்சு என்ன ஆச்சு? விலாவுல அறுத்ததுதான் மிச்சம்." மகனும் அதே பக்கம்.

அவர் பயத்தில் பேசவில்லை. பட்டதிலிருந்து பேசினார். அதற்கு 'நவீன ஊசி, ஒண்ணும் ஆகாது' என்று பதில் சொல்ல முடியாது. பழைய சிடியையும் புதிய எம்ஆர்ஐயையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக் காட்டினோம். அன்று படத்திலேயே பதில் இருந்தது; ஊசி புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இன்று படத்தில் பதில் இல்லை. ஊசி சொல்வதை வைத்து மருந்தே மாறும். மறுபடி தடத்தில் கட்டி வரும் வாய்ப்பு பூஜ்யம் அல்ல என்பதையும், வந்தால் என்ன செய்வோம் என்பதையும் சொன்னோம். பயாப்ஸி வேண்டாம் என்றால், அறிகுறிகளை மட்டும் கவனித்துக்கொள்ளும் சிகிச்சையும் அவர் எடுக்கக்கூடிய முடிவுதான் என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். அடுத்த வாரம் மகனோடு வந்து, "ஒரே ஓட்டைதான் போடணும். அதுக்கு மேல சம்மதமில்லை" என்றார். அந்த நிபந்தனையைச் சம்மதப் படிவத்திலேயே எழுதினோம்.

இரண்டாவது பயாப்ஸி

கோஆக்சியல் முறையில் செய்யப்பட்டது. முதலில் 17 கேஜ் வெளிக்குழல் ஒன்று கட்டியின் விளிம்புவரை போகிறது. அது அங்கேயே நிற்க, அதற்குள் 18 கேஜ் ஊசி போய்த் துண்டுகளை எடுத்து வருகிறது. கட்டியைத் தொட்ட ஊசி குழலுக்குள்ளேயே திரும்புவதால் வயிற்றுச் சுவரைத் தொடுவதில்லை. கல்லீரல் உறையிலும் ஒரே துளைதான். மேற்பரப்புக்கு அருகில் இருந்த கட்டியை விட்டுவிட்டு, 3 செ.மீ. நல்ல கல்லீரல் திசு வழியாகப் போகக்கூடிய 4-ஆம் பகுதிக் கட்டியை ரேடியாலஜிஸ்ட் தேர்ந்தெடுத்தார். நான்கு துண்டுகள் எடுத்தார். மரபணுச் சோதனைக்கும் போதுமான அளவு. குழலை வெளியே இழுக்கும்போது ஜெலட்டின் பஞ்சால் தடத்தை அடைத்துக்கொண்டே வந்தார். ரத்தக் கசிவைக் குறைக்க அது உதவும். செல் தங்குவதைத் தடுப்பதற்கு அதே அளவு வலுவான சான்று இல்லை என்றாலும் செய்வதில் நட்டமில்லை. தோள்வலி இந்தத் தடவை வரவில்லை.

அறிக்கை: பித்தநாள வகைச் சுரப்பிப் புற்று. கல்லீரல் செல்லுக்கான குறியீடுகள் எதிர்மறை, பித்தநாளச் செல்லில் காணப்படும் புரதங்களான சைட்டோகெராட்டின் 7, 19 நேர்மறை. பழைய புற்று திரும்பவில்லை. புதிதாக வேறொரு புற்று. சிரோசிஸ் கல்லீரலில் இதுவும் வரக்கூடியதுதான். மரபணுச் சோதனையில், குறிவைத்துக் கொடுக்கக்கூடிய மருந்துக்கு ஏற்ற மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

தொடர்ந்து நடந்தது

ஜெம்சைட்டபின், சிஸ்பிளாட்டின், டர்வலுமாப் எட்டுச் சுற்றுகள் கொடுத்தோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் மறுபடி தலைதூக்காமல் இருக்க டெனோஃபோவிர் தொடர்ந்தது. கட்டிகள் இரண்டும் சுருங்கின. இதை எழுதும்போது டர்வலுமாப் மட்டும் மாதம் ஒருமுறை. நோய் அதே நிலையில் நிற்கிறது. குணமாகிவிட்டார் என்று சொல்லக்கூடிய நோய் அல்ல இது. அது அவருக்கும் தெரியும். இரண்டாவது ஊசி போன இடத்தில் இதுவரை ஒன்றும் இல்லை. ஊசித்தடக் கட்டி வருடங்கள் கழித்தும் வரலாம் என்பதால் இன்னும் பார்க்கிறோம்.

எங்கள் நடைமுறையில் மாறியவை

சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவரின் கட்டி பற்றிய ரேடியாலஜி அறிக்கையில் எல்ஆர் எண் கட்டாயம். எண் இல்லாமல் வெளியிலிருந்து வரும் படங்களை எங்கள் ரேடியாலஜிஸ்ட் மறுபடி படித்து எண் கொடுத்த பிறகே பயாப்ஸி பற்றிப் பேசுகிறோம். எல்லாருக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் அங்கேயே நினைவூட்டுகிறோம். சிரோசிஸோ ஹெபடைடிஸ் பியோ இல்லாத கல்லீரலிலும், ரத்தக்குழாய்க் கோளாறால் கெட்ட கல்லீரலிலும், சிறுவர்களிலும் படத்தை மட்டும் நம்பிப் புற்று என்று முத்திரை குத்தக் கூடாது.

பயாப்ஸி கோரும் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தோம். முடிவு 'ஆம்' என்றால் என்ன சிகிச்சை? 'இல்லை' என்றால் என்ன சிகிச்சை? இரண்டுக்கும் ஒரே பதில் எழுதியிருந்தால் படிவம் குழுக் கூட்டத்துக்குத் திரும்பும். சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது; தாமதம் என்றார்கள். என் வரையில் அந்தத் தாமதம் தேவையானது.

பயாப்ஸி செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் காகிதம் தருகிறோம். எந்தத் தேதி, எந்த விலா இடைவெளி, எத்தனை துண்டு என்ற விவரமும், அந்த இடத்தில் எப்போது தடிப்பு தெரிந்தாலும் 'கொழுப்புக் கட்டி' என்று விடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்கிறோம். தொடர் ஸ்கேன் கோரும்போது 'வயிற்றுச் சுவரையும் பார்க்கவும்' என்று இடத்தைக் குறிப்பிட்டே எழுதுகிறோம்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்று இன்னும் தீரவில்லை. இந்த நோயாளியின் கதை காத்திருப்பு அறையில் பரவி, பயாப்ஸி உண்மையிலேயே தேவைப்பட்ட வேறு சிலர் மறுக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அவருடைய முதல் ஊசியைப் பற்றி மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது அவரே, சம்மதம் கேட்கும் சமயத்தில் அப்படிப்பட்டவர்கள் விரும்பினால் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அவர் யாரையும் வற்புறுத்துவதில்லை. இந்தத் தடவை படம் பதில் சொல்லிவிட்டதா இல்லையா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறார்.